பக்கத்து சீட்டின் பிரேக்

அத்தியாயம் ஒன்பது

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறீர்கள் என்றால், வாசலிலேயே இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

முன்பக்கம் டிரைவிங் ஸ்கூல். அதன் பின்னால் தம்பியும் அவன் மனைவியும் குடியிருக்கிறார்கள். மாடியில் ஒற்றை அறையில் அக்கா. கணவர் இறந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தவள். சும்மா உட்கார்ந்து சாப்பிட மனசு ஒப்பாமல், பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பழகுகிறவர்கள் பதறுவதற்கு முன்பே அவள் கால் பிரேக்குக்குப் போய்விடும். அதனால் ஊரில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பேர்.

அந்தக் காலில்தான் சங்கடம். சர்க்கரை வந்து பல வருஷமாகிறது. கொஞ்ச காலமாக, சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தணலில் வைத்த மாதிரி எரிகிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

தம்பி மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ரொம்ப நாளாக ஆசை. வீட்டு வாசலில் கார் நிற்கிறது, அதை ஊரெல்லாம் ஓட்டுகிறார்கள், வீட்டுக்காரிக்கு மட்டும் கிடையாது. கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு தம்பி தலையாட்டியிருக்கிறான். அதுவும் அக்கா சொல்லிக்கொடுத்தால் மட்டும்தான்.

ஆக, ஒரே கூரையின் கீழே இத்தனை வருஷம் "சாப்பிட்டீங்களா", "ஆச்சு" என்ற இரண்டு சொல்லிலேயே காலம் தள்ளிய இரண்டு பெண்கள், இப்போது தினமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்கள்.

அன்று காலையில் அக்கா ஷூ நாடாவை இழுத்து இறுக்கிக் கட்டினாள். இறுக்கினால்தான் ஷூ போட்டிருப்பதே தெரிகிறது.

"கால் வலிக்குதா அண்ணி? படியில ஒரு மாதிரி இறங்கினீங்க," என்றாள் தம்பி மனைவி, கார்ச் சாவியை வாங்கிக்கொண்டே.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சீட்டை முன்னால இழு. கண்ணாடியைப் பாரு."

வண்டி கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் குலுங்கியது.

"ஏன் அண்ணி இப்படி விக்குது?"

"கிளட்சைப் பட்டுனு விட்டா விக்காம என்ன செய்யும்? பிடிச்ச விருந்தாளியை வழியனுப்பற மாதிரி விடு. மெதுவா. மனசே இல்லாம."

தம்பி மனைவி சிரித்துவிட்டாள். இந்தச் சிரிப்பை அக்கா வீட்டில் கேட்டதே இல்லை. வீட்டில் அவள் சிரிப்பாளா என்பதுகூட மாடி அறைக்குத் தெரிய வழியில்லை.

இந்த சீட்டுக்கு ஒரு குணம் உண்டு. இங்கே உட்கார்ந்தால் ஓட்டுகிறவள் பேசுவாள். முகத்தைப் பார்க்க வேண்டாம், ரோட்டைப் பார்த்தபடி எதையும் சொல்லிவிடலாம். மாமியாரோடு மனஸ்தாபம், வேலை போன கதை, பிள்ளை பேசாமல் இருப்பது என்று எத்தனையோ அக்காவின் காதில் விழுந்திருக்கிறது. பகலெல்லாம் ஊர்க் கதை கேட்டுவிட்டு மாடி ஏறினால், கதவைச் சாத்தும் சத்தத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

கடைத்தெருவைத் தாண்டியதும் தம்பி மனைவி கேட்டாள். "அண்ணி, ஒண்ணு கேக்கலாமா? சாயங்காலம் எல்லாம் மாடியில தனியா என்ன பண்ணுவீங்க?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேள்வி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் இதுவரை யாரும் கேட்டதில்லை. என்ன சொல்வது என்று ரோட்டை விட்டுக் கண்ணை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து சந்துக்குள்ளிருந்து ரொட்டிக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். பின்னால் கேரியரில் பெரிய தகரப் பெட்டி.

"பிரேக்," என்றாள் அக்கா.

தம்பி மனைவியின் கைகள் ஸ்டீயரிங்கோடு ஒட்டிக்கொண்டன. கால் எங்கே இருக்கிறது என்பதையே அவள் மறந்துபோனாள். பரவாயில்லை, புதிதாகப் பழகுகிற எல்லோரும் மறப்பதுதான். அதற்காகத்தானே பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக், அதன்மேல் அக்காவின் கால்.

அக்கா அழுத்தினாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது. பலத்தையெல்லாம் கூட்டி இன்னும் அழுத்தினாள். போய்க்கொண்டே இருந்தது. பிரேக் பிடிக்கவில்லையோ என்று குனிந்து பார்த்தாள்.

அவளுடைய கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

நல்லவேளை, கடைசி நொடியில் தம்பி மனைவிக்குத் தன் கால் ஞாபகம் வந்தது. வண்டி கிறீச்சிட்டு நின்றபோது பம்பர் சைக்கிளின் பின் சக்கரத்தில் இடித்திருந்தது. சைக்கிள் ஒரு பக்கம் சாய, பெட்டி திறந்து ரொட்டிகள் ரோடெல்லாம் உருண்டன. ரொட்டிக்காரர் துள்ளி நகர்ந்துவிட்டார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அவர் முதலில் முழங்கையைப் பார்த்தார். பிறகு ரொட்டிகளைப் பார்த்தார். பிறகு கார்க் கதவில் எழுதியிருந்த டிரைவிங் ஸ்கூல் பேரை நிதானமாகப் படித்தார்.

"ரெண்டு பிரேக் வெச்ச வண்டியே நிக்கலன்னா, ஒரு பிரேக்கோட போறவன் எல்லாம் எங்கம்மா போறது?"

இரண்டு பெண்களும் குனிந்து ரொட்டி பொறுக்கினார்கள். அப்படிக் குனிந்திருந்தபோதுதான் தம்பி மனைவி கவனித்தாள்.

"அண்ணி, உங்க ஷூ நனைஞ்சிருக்கு."

"தண்ணி எதையாவது மிதிச்சிருப்பேன்."

"ரோடு காஞ்சு கிடக்கு அண்ணி."

அக்காவைப் பக்கத்துக் கடைப் படியில் உட்காரவைத்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தம்பி மனைவியே நாடாவை அவிழ்த்தாள். ஷூவைக் கவிழ்த்தபோது ஒரு குட்டித் திருகாணி உருண்டு விழுந்தது. எப்போது உள்ளே போனதோ. சாக்ஸின் அடிப்பக்கம் சிவப்பாக ஊறியிருந்தது.

"இதை வெச்சுக்கிட்டா காலையிலேர்ந்து நடந்தீங்க? வலிக்கலையா?"

"இல்ல."

"எங்கிட்ட என்ன மறைப்பு அண்ணி?"

"மறைக்கல. நிஜமாவே வலிக்கல."

அதைச் சொன்ன பிறகுதான் அக்காவுக்கே பயம் வந்தது.

காரை ஓரமாகப் பூட்டிவிட்டு, வாடகைக் கார் பிடித்து டாக்டரிடம் போனார்கள். வழியெல்லாம் அக்கா தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏதோ யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன பார்சலைப் போல.

டாக்டர் நடுவயதுப் பெண்மணி. புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போடும்போது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு மெல்லிய நைலான் நரம்பு ஒன்றை எடுத்தார்.

"கண்ணை மூடிக்கங்கம்மா. இது பாதத்துல பட்டதும் 'ம்'னு சொல்லுங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இது ஒரு டெஸ்ட் என்று அவளுக்குத் தெரியும். டெஸ்டுக்கு ஆட்களைத் தயார் செய்வதுதானே அவள் வேலை. தவறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ம்."

கொஞ்சம் இடைவெளி விட்டாள்.

"ம்."

இன்னும் கொஞ்சம். "ம்."

அறையில் சத்தமே இல்லை. அக்கா கண்ணைத் திறந்தாள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நைலான் நரம்பு மேஜைமேல் கிடந்தது. தம்பி மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் தொடவே இல்லம்மா," என்றார் டாக்டர்.

அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். காப்பி அடித்துப் பிடிபட்ட பிள்ளையைப் போல அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நிறைய பேர் இப்படித்தான் சொல்வாங்க. சாயங்காலம் எரியுமா?"

"எரியும். தாங்க முடியாது."

"அப்போ என்ன செய்வீங்க?"

அக்கா தம்பி மனைவியை ஒரு தரம் பார்த்தாள். காரில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் வந்தது. "லைட்டைப் போடாம உக்காந்திருப்பேன். வெறுங்காலைத் தரையில வெச்சுக்குவேன், சில்லுனு இருக்குமேன்னு. அதுக்கும் அடங்கலன்னா சுடுதண்ணியில வைப்பேன். போர்வை பட்டாக்கூட ஆகாது. யாராவது பேச்சுக் குடுத்தா மறந்திருக்கும். அதுக்கு ஆள் இல்ல."

தம்பி மனைவி இப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்திருந்தாள்.

"இவ்வளவு எரியற கால், குத்தினா எப்படித் தெரியாம போகும் டாக்டர்?" என்று கேட்டாள் அக்கா.

"சர்க்கரை நரம்பைக் கெடுக்குதும்மா. கெட்டுப்போன நரம்பு, ஒண்ணுமே படாதப்போ எரியுது எரியுதுன்னு கத்தும். நிஜமா குத்தறப்போ பேசாம இருந்துடும். ரெண்டும் ஒரே நோய்தான்." டாக்டர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டார். "முதல்ல அந்தச் சுடுதண்ணியை விடுங்க. பாதம் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்காதீங்க. ஷூவைப் போடறதுக்கு முன்னாடி உள்ள கையை விட்டுப் பாருங்க. தினமும் உள்ளங்காலைப் பாக்கணும். குனிய முடியலன்னா கண்ணாடியைத் தரையில வெச்சுப் பாருங்க. இல்ல, வீட்ல யாரையாவது பாக்கச் சொல்லுங்க."

"நான் தனியா..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"நான் பாக்கறேன்," என்றாள் தம்பி மனைவி.

டாக்டர் சர்க்கரை மாத்திரையை மாற்றினார். எரிச்சலுக்குத் தனியாக ஒன்று எழுதினார். "எரிச்சல் அடங்கக் கொஞ்ச நாள் ஆகும், இன்னைக்கே கேக்காது. இது தூக்கம் வரவைக்கும். புண் ஆறற வரைக்கும் அந்தக் காலை ஊனாதீங்க, மாடிப்படி கூடவே கூடாது. வண்டியும் வேணாம்."

"நான் ஓட்டறதில்ல டாக்டர். பக்கத்துல உக்காந்து சொல்லித்தான் குடுக்கறேன்."

"அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே."

அக்கா கட்டுப் போட்ட காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கார் நின்றது. ரொட்டிக்காரர் கதவில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார். தம்பி போய் அவரைச் சமாதானப்படுத்தி, இன்னொரு சாவியால் வண்டியை எடுத்து வந்துவிட்டான். பம்பருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, நசுங்கிய இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு? அக்கா, கால்ல என்ன கட்டு?"

அக்கா பேச வாயெடுப்பதற்குள் தம்பி மனைவி முந்திக்கொண்டாள். "திருகாணி குத்திடுச்சு. வண்டியை இடிச்சது நான்தான். பயத்துல பிரேக்கை மறந்துட்டேன்."

"அன்னைக்கே சொன்னேன்," என்று எழுந்தான் தம்பி. கோபப்படக்கூட இல்லை. எதிர்பார்த்தது நடந்துவிட்ட நிம்மதி மாதிரி ஒன்று அவன் குரலில் இருந்தது. "உனக்கு இது சரிப்படாதுன்னு சொன்னேனா இல்லையா? ஆசைக்கு ஓட்டிப் பாத்தாச்சு. போதும். லைசென்ஸ் டெஸ்டெல்லாம் வேணாம், ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன்."

"சரி," என்றாள் அவள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா அங்கேயே நின்றாள். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியவள் அவள்தான். சொன்னால் நாளையிலிருந்து அந்த சீட் கிடையாது. சீட் இல்லையென்றால் பேச்சு கிடையாது. காலையில் எழுந்து ஷூ போட்டுக்கொள்ளக் காரணமே கிடையாது.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் மெதுவாக மாடி ஏறினாள். ஏறக் கூடாதுதான். வேறு எங்கே போவது?

வெளிச்சம் மங்கியதும் எரிச்சல் வந்துவிட்டது. கட்டுப் போட்ட காலிலும் போடாத காலிலும் ஒரே மாதிரி. அக்கா தரையில் காலை வைக்கப் போனவள், செருப்போடு இருக்கச் சொன்னது ஞாபகம் வந்து, காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். எரிச்சல் குறையவில்லை. காற்றாடியைப் பாதத்துக்கு நேராகத் திருப்பினாள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

கீழே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தம்பி டி.வி. பார்க்கும் சத்தம் கேட்டது. தம்பி மனைவியின் குரல் மட்டும் கேட்கவில்லை. நேற்று இதே நேரத்தில் வாசலில் நின்ற காரில் உட்கார்ந்து, இன்ஜினைப் போடாமலேயே கியர் மாற்றிப் பழகிக்கொண்டிருந்தாள். அக்கா ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துத் தனக்குள் சிரித்திருந்தாள்.

எத்தனை வருஷ ஆசை. ஒரு வார்த்தையில் "சரி" என்று மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போய்விட்டாள். யாருக்காக? இத்தனை வருஷம் "ஆச்சு" என்பதற்கு மேல் தன்னிடம் ஒரு வார்த்தை பேசாத இந்த அண்ணிக்காக.

அக்கா எழுந்தாள். செருப்புக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

தம்பி முன்பக்க அறையில் மேஜையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

"இந்தக் காலோட ஏன் இறங்கின? கூப்பிட்டா நான் வரமாட்டேனா?"

"தம்பி, இன்னைக்கு பிரேக் போடாதது நான்."

அவன் சிரித்தான். "நீயா? நீ பிரேக் போடாம இருப்பியாக்கா? உன் மனசு எனக்குத் தெரியாதா? அவளுக்காகப் பரிஞ்சுக்கிட்டு வராத."

"நான் போட்டேன்னு நினைச்சேன். கால் தரையில இருந்திருக்கு. எனக்குத் தெரியல. பாதத்துல உணர்ச்சியே போயிடுச்சுடா. திருகாணி குத்தினதும் தெரியல. டாக்டர் தொட்டாரா இல்லையான்னும் தெரியல."

அவன் சிரிப்பு மெல்ல வடிந்தது. பின்பக்க வாசலில் தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"அவங்க சொல்றது உண்மைதான்," என்றாள் அவள்.

"அப்போ நீ ஏன் உன்மேல போட்டுக்கிட்ட?"

"எனக்கு டெஸ்ட் போனா போகட்டும். அவங்களுக்கு வேற என்ன இருக்கு?"

தம்பி நாற்காலியை இழுத்து அக்காவை உட்காரவைத்தான். கட்டுப் போட்ட காலைக் குனிந்து பார்த்தான். தொடக் கையை நீட்டி, வலிக்குமோ என்று இழுத்துக்கொண்டான்.

"சரி. எல்லாருக்கும் கிளாஸ் நான் பாத்துக்கறேன். நீ மாடியில நல்லா ரெஸ்ட் எடு. இனிமே உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்?"

அன்பாகத்தான் சொன்னான். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அக்காவுக்கு, யாரோ வெளியிலிருந்து கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது.

"மாடிப்படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க," என்றாள் தம்பி மனைவி. "கீழ அந்தச் சின்ன ரூம் சும்மாத்தானே கிடக்கு. அண்ணி அங்க இருக்கட்டும். நானும் பக்கத்துல இருப்பேன். கீழ இருந்துக்கிட்டே புதுசா சேர்றவங்களுக்கு ரோடு விதியெல்லாம் சொல்லிக் குடுக்கலாம். அதுக்குக் கால் வேணாமே."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

தம்பி மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். மேஜையில் ஏற்கெனவே நேராக இருந்த பேனாவை நேராக்கினான்.

"அந்த ரூமுக்கு ஆள் வருது," என்றான் கடைசியில்.

"யாரு?"

"ஒரு அம்மா. திங்கக்கிழமையிலேர்ந்து. வெளியூர்க்காரங்க, இங்கேயே தங்கிக்குவாங்க."

"எதுக்கு?" என்று கேட்டாள் அவன் மனைவி.

"கார் சொல்லிக் குடுக்க."

தம்பி மனைவியின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. அவளுக்கும் இது புதுச் செய்தி என்பது முகத்திலேயே தெரிந்தது.

அக்கா நிதானமாகத்தான் கேட்டாள். "அவங்ககிட்ட எப்போ பேசின?"

"போன வாரம்."

"போன வாரம் என் கால் இப்படின்னு எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

தம்பி எழுந்து வாசலுக்குப் போனான். ஷட்டரை இறக்கினான். பாதி இறங்கியதும் கை நின்றது.

"யார் சொன்னாங்கன்னு மட்டும் கேக்காதக்கா," என்றான், திரும்பிப் பார்க்காமலேயே.